பிராகுக்கு ஒரு கை தவிடு

ஐம்பத்தோரு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டுமா? ஏதாவது ஒரு வியாழக்கிழமை பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்கு வாருங்கள். இழுக்கிறவள் என் அம்மா பிரிஸில்லா. ரிட்டயர்டு டீச்சர், எழுபத்தெட்டு வயது. இழுபடுகிறவள் நான், கேரல். ஒரு ஐ.டி. கம்பெனியில் டிராவல் டெஸ்க்கை நடத்துகிறேன். ஆபீஸில் என் குரல் கேட்டால் போதும், மேனேஜர்கள்கூட பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு நாலு வயது.

“விடு மம்மி, மானம் போகுது.”

“போகட்டும். நீ போகாம இருந்தா சரி.”

நாலு வயதில் அந்தக் கூட்டத்தில்தான் நான் தொலைந்துபோனேன். மெழுகுவர்த்திக்குச் சில்லறை எடுக்க அம்மா என் கையை விட்டிருக்கிறாள். பர்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தால் நான் இல்லை. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நீலசந்திரா வரைக்கும் தேடிப் போனார். அம்மா மட்டும் எங்கேயும் போகாமல் பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, குழந்தை இயேசுவோடு பேரம் பேசினாள். “இவளைக் கண்டுபிடிச்சுக் குடு. இனிமே இவ உன் பொண்ணு. பிராகுல இருக்கற உன் சொந்த வீட்டுக்கே கூட்டியாந்து, தவிடு குடுத்து வாங்கிக்கறேன்.” இருட்டுவதற்குள் நான் கிடைத்துவிட்டேன். மெழுகுவர்த்திக் கடை மேசைக்கு அடியில், வாய் நிறைய மெழுகோடு தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

தவிட்டு விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிழைக்குமோ பிழைக்காதோ என்று இருக்கிற பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்துவிடுவது. பிறகு ஒரு கை தவிட்டை விலையாகக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்வது. சாமியின் சொத்தைச் சாவு தொடாது, தவிட்டுக்கு வாங்கின பண்டத்தை அது மதிக்காது என்று ஒரு கணக்கு. எங்கள் ஆட்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தபோது சாமியை மாற்றிக்கொண்டார்கள், தவிட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இதற்கு ஒரு சட்டமும் உண்டு. சாமியின் பக்கத்திலிருந்து யாராவது வாயைத் திறந்து ‘எடுத்துக்கோ’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வியாபாரம் செல்லாது.

இதிலே அம்மா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பிராகு கோவா பக்கம் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

ஜெபப் புத்தகத்தின் அட்டையில் ‘பிராகு நகர் குழந்தை இயேசு’ என்று போட்டிருக்கும். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம் என்று நம்பித்தான் வாக்குக் கொடுத்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் தேடியிருக்கிறாள். கோவாவைச் சுற்றி விரலை ஓட்டினாள், இல்லை. பம்பாய் வரைக்கும் போனாள், இல்லை. கடலைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி, பெயர் வாயில் நுழையாத தேசங்களைத் தாண்டி, ஐரோப்பாவின் நடுவில் விரல் போய் நின்ற இடத்தைப் பார்த்ததும், பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

பங்குச் சாமியார் ஆறுதல் சொன்னார். “வேளாங்கண்ணிக்குப் போய் முடிச்சிருங்க டீச்சர். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு.”

“நான் உங்ககிட்டயா நேர்ந்துக்கிட்டேன் ஃபாதர்?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆக, நான் இத்தனை வருஷமும் இரவல். விலை கொடுக்காத பிள்ளை. சொந்தக்காரர் எந்த நேரமும் திருப்பிக் கேட்கலாம். அதனால்தான் காலேஜில் படித்தபோது பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றாள். அதனால்தான் இன்றைக்கும் ஆபீஸில் மீட்டிங் நடுவில் போன் வரும்: “எங்க இருக்க?” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஆபீஸ்ல இல்லாம வேற எங்க இருப்பேன், அல்சூர் ஏரியிலயா?” என்று கத்துவேன். “சரி, இருக்கல்ல” என்று வைத்துவிடுவாள். கத்தினால் அவளுக்குத் திருப்தி. உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்துவிடுகிறதே.

போன வருஷம் எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. எடுத்துப் பார்த்தார்கள், சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்தது. என் வீட்டுக்காரர் நோயல் சந்தோஷத்தில் பிரியாணி வாங்கி வந்தார். அம்மா தொடவில்லை.

“கேக்கறாருடி” என்றாள். “நாளாச்சேன்னு ஞாபகப்படுத்தறாரு.”

“மம்மி, சும்மனே எதையாவது சொல்லாத. கொழுப்புக் கட்டி.”

“என் காலு இன்னும் ஒரு வருஷம் தாங்கும் கேரல். அதுக்கு மேல தாங்காது. என்னை அங்க கூட்டிட்டுப் போ.”

என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு புடவைகூடக் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, வழக்கம் போல. பிறகு பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

இருபது வருஷமாக அடுத்தவர்களை ஊர் ஊராக அனுப்பியவள் நான். எந்த விமான நிலையத்தில் எந்த வாசலுக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் நான் தாண்டிய தண்ணீர் அல்சூர் ஏரி ஒன்றுதான், அதுவும் வாடகைப் படகில். பிராகு என்று தட்டினேன். இந்தப் பெயரை எத்தனையோ எஞ்சினியர்களுக்கு டிக்கெட்டில் அடித்திருக்கிறேன். அது நிஜமாகவே ஒரு ஊர், அங்கே நான் போய் நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

“நீங்களும் வாங்களேன்” என்று நோயலைக் கேட்டேன்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. மூணாவது ஆள் இருந்தா உங்க சண்டைக்கு இடைஞ்சல்” என்றார்.

அம்மாவுக்கு எங்கேயும் வலிக்காதபடி, பயணத் திட்டத்தை நான் பஞ்சு வைத்துப் போட்டேன். துபாயில் இறங்கி, அவசரமில்லாமல் அடுத்த விமானம். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரத்து சீட். எல்லா ஏர்போர்ட்டிலும் வீல்சேர். கோவிலுக்கு எதிர்த் தெருவிலேயே, லிஃப்ட் இருக்கிற ஹோட்டல். செவ்வாய்க்கிழமை இறங்கினால் புதன் முழுக்கப் படுக்கை. வியாழக்கிழமை கோவில், வியாழன் இல்லாமல் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். அதற்கு மேல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் டிராமில். மாத்திரையெல்லாம் கைப்பையில். அம்மாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. “இது நேர்த்திக்கடனா, ஹனிமூனா?”

“ஏன்?”

“வேளாங்கண்ணிக்கு ஜனம் இங்கிருந்து நடந்தே போகுது. கால் வெடிச்சு ரத்தம் வருது. நான் லிஃப்ட்ல இறங்கி, ஏசியில போய் நின்னா அவரு வாங்கிக்குவாரா?”

“அவரு ராஜா வீட்டுப் பிள்ளை மம்மி. கிரீடம் வெச்சுக்கிட்டு, பட்டு உடுத்திக்கிட்டு நிக்கறாரு. வீட்டுக்கு வர்றவங்க நொண்டிக்கிட்டுதான் வரணும்னு சொல்வாரா?”

அதை அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். வீட்டிலிருந்து பிராகுக் கோவில் வாசல் வரைக்கும் என் இஷ்டம். வீல்சேர் என்றால் வீல்சேர். கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் இஷ்டம். தடி கிடையாது, என் கை கிடையாது. தன் காலால் நடந்துபோய் என்னை வாங்குவாள்.

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. கோவிலுக்குள் விழுந்து இடுப்பு முறிந்தால் அந்த ஊரில் நான் யாரைக் கூப்பிடுவேன்? ஆனால் அம்மா தீர்ப்புச் சொன்னால் சொன்னதுதான். நாற்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸை மேய்த்தவளிடம் அப்பீல் கிடையாது.

ஆகவே ஒத்திகை பார்த்தோம். பிராகுத் தெருக்கள் கல் பாவிய தெருக்கள். நம் ஊரில் அதற்கு சர்ச் ஸ்ட்ரீட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஆட்டோ பிடித்துப் போவோம். வாழ்நாளில் முதல் தடவையாக ஷூ போட்ட அம்மா, காபிக் கடைகளுக்கும் பப்புகளுக்கும் நடுவே, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கல்லைக் கல்லாகப் பார்த்துக் காலை வைப்பாள். முதல் வாரம் ஒரு கடை தூரம் தாண்டுவதற்குள் என் தோளைப் பிடித்துவிட்டாள். பிறகு இரண்டு கடை. பிறகு மூலைவரை. மழைக்காலம் முடிவதற்குள் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தனியாக நடந்து, திரும்பி நின்று என்னைப் பார்த்தாள். சுற்றி இளவட்டங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து உலுக்கி, அங்கே பாருங்கள், என் அம்மாவைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

எம்.ஜி. ரோடு மெட்ரோவில் எஸ்கலேட்டரும் பழகினாள். முதல் தடவை சிலுவை போட்டுக்கொண்டு ஏறியவள், மேலே போய்ச் சேர்ந்ததும் குழந்தை மாதிரி சிரித்தாள். “மாதாவே! நின்ன இடத்துல நின்னா மேல தூக்கிட்டுப் போகுதே! இன்னொரு தடவை போலாம் வா.”

கடைசியாகத் தவிடு. எங்கள் பின் தெருவில் மாடு வைத்திருக்கும் எல்லம்மா ஒரு பை கொண்டுவந்தாள்.

“ஏன் டீச்சரம்மா, மாடு கீடு வாங்கப் போறீங்களா? தௌடு எதுக்கு?”

“பிராகுக்கு” என்றாள் அம்மா.

“அது யாவ ஊரு? அங்க மாடு இல்வா?” அது எந்த ஊர், அங்கே மாடு இல்லையா என்று அவளுக்குக் கவலை.

நான் பையைப் பிடுங்கி எல்லம்மாவிடமே கொடுத்தேன். மாட்டுத் தீவனத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் கஸ்டம்ஸில் பிடித்து நிறுத்திவிடுவார்கள், அதோடு என் வேலையும் போகும் என்று கத்தினேன்.

“அப்போ எதைக் குடுத்து வாங்கறது?” என்றாள் அம்மா. “‘எடுத்துக்கோ’ன்னு சொல்லவும் அங்க நம்ம ஆளு யாரும் இல்ல. தவிடும் இல்ல, சொல்றதுக்கு ஆளும் இல்ல. வெறுங்கையோட போய் நின்னு என்ன பண்ணுவேன் கேரல்?”

என் திட்டத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

ஏர்போர்ட்டில் வீல்சேரில் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். வரிசை வரிசையாக ஜனம் நிற்க, எல்லோரையும் தாண்டி அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். “என்னடி இது, பிஷப்பை அழைச்சிட்டுப் போற மாதிரி போறாங்க!” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். இமிக்ரேஷன் அதிகாரி நல்ல மனுஷர். எதற்குப் போகிறீர்கள் பாட்டி என்று கன்னடத்தில் அன்பாகத்தான் கேட்டார்.

“மகளன்ன கொண்ட்கொளக்கெ” என்றாள் அம்மா. மகளை விலைக்கு வாங்க.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “டூரிசம் சார், டூரிசம்!” என்று நான் பாய்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இந்தப் பொண்ணை யார் வாங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்திவிட்டார்.

மேகத்துக்கு மேலே போனதும் அம்மா தன் ஓரத்து சீட்டிலிருந்து என் பக்கத்து ஜன்னலை நோக்கிச் சாய்ந்துகொண்டாள். நான் எத்தனை பேருக்கு ஜன்னல் சீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜன்னலில் என்ன தெரியும் என்று ஒருத்தரையும் கேட்டதில்லை. வெள்ளை வெளேரென்று முடிவில்லாமல் கிடந்தது. அம்மா ஜெபமாலையை எடுத்தாள், ஆனால் உருட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிராகு ஒரு ஊரா அது! டாக்ஸி ஆற்றங்கரையில் திரும்பியதும் நான் ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மலைமேல் அரண்மனை, கீழே ஆறு, ஆற்றுக்கு மேலே பாலம், பாலம் முழுக்கக் கல்லில் நிற்கிற புனிதர்கள். எங்கே பார்த்தாலும் கோபுரம். “இவ்வளவையும் மனுஷங்களா கட்டினாங்க?” என்று அம்மா கேட்டாள்.

அங்கே யாரைப் பார்த்தாலும் ‘ப்ரோசீம்’ என்றார்கள். டாக்ஸிக்காரர் பெட்டியை இறக்கிவிட்டு ‘ப்ரோசீம்’. ரிசெப்ஷனில் இருந்த பெண் சாவியை நீட்டி ‘ப்ரோசீம்’. “அது என்னடி, ஆளாளுக்கு ப்ரோசீம்ங்கறாங்க?” என்று அம்மா நச்சரித்ததால் அந்தப் பெண்ணையே கேட்டேன். அவள் சிரித்தாள். தயவுசெய்து என்றாலும் அதுதான், பரவாயில்லை என்றாலும் அதுதான். ஒரு பொருளைக் கையில் கொடுக்கும்போது, இந்தாங்க, எடுத்துக்கோங்க என்றாலும் அதுதான் என்றாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஒரே வார்த்தையை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்களே என்று அவள் வியந்தாள்.

புதன்கிழமை காலை டைனிங் ஹாலில் என்னை முழங்கையால் இடித்தாள். “கேரல். அங்க பாரு.”

தயிருக்கும் பழத்துக்கும் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதற்குள் தவிடு. சத்தியமாகத் தவிடு. ஒரு வெள்ளைக்காரர், நல்ல கோட்டும் டையும் போட்டவர், அதை இரண்டு கரண்டி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, பால் ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தார்.

“ராஜா மாதிரி இருக்காரு! எல்லம்மா மாட்டுக்குப் போடறதைச் சாப்பிடறாரே!”

“உடம்புக்கு நல்லதாம் மம்மி.”

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்காக எடுத்து வெச்சிருக்காருடி” என்றாள். நான் வழக்கமாக ஏதாவது குத்தலாகச் சொல்வேன். அன்றைக்கு ஒரு பேப்பர் நாப்கினை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதில் ஒரு கை அள்ளி, நாலாக மடித்து, ஜெபப் புத்தகத்தோடு வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிவிட்டாள். “கூட்டம் சேர்றதுக்குள்ள போயிரணும். அசல் வீடாச்சே, எவ்வளவு ஜனம் வருமோ.” விவேக் நகரிலேயே வியாழக்கிழமை அப்படி நெரிகிறதென்றால் பிராகில் எப்படி இருக்கும் என்று எனக்கும் பயம்தான். கூட்டத்தில் இவளை எப்படித் தனியாக நடக்க விடுவது என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். தெருவைக் கடக்கும்போதே அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக. வாசலில் படி இருந்தது. அது என் எல்லை, கை கொடுத்து ஏற்றினேன். கோவில் திறக்கிறவரைக்கும் காத்திருந்தோம். எங்களைத் தவிர யாரும் இல்லை.

உள்ளேயும் யாரும் இல்லை.

பூ இல்லை, மைக் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நீளமான, குளிர்ந்த கோவில். வலது பக்கம் சுவரோடு ஒரு பீடம், கறுப்புச் சலவைக்கல்லும் பொன்னுமாக. அதன் நடுவில் கண்ணாடிக்குள், கைக்குழந்தை அளவுக்கு, பச்சைப் பட்டு உடுத்தி, ஒரு கையில் உலக உருண்டையும் மறு கையில் ஆசீர்வாதமுமாக நின்றார். நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் விவேக் நகரில் இத்தனை ஜனத்தையும் இழுக்கிறவர் இவ்வளவு சின்னவரா, இப்படித் தனியாகவா நிற்கிறார் என்று நினைத்ததும் மயிர்க்கூச்செறிந்தது.

“கூட்டம் எங்கடி?” என்று அம்மா மெல்லக் கேட்டாள்.

“இல்ல மம்மி. இங்க வியாழக்கிழமை சும்மா ஒரு கிழமை போல.”

அவள் ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்தாள். தடியை என்னிடம் கொடுத்தாள். என் மணிக்கட்டை விட்டாள். “நீ போய் அவர்கிட்ட நில்லு. நீ அவர் பொண்ணு இப்போ.”

நான் பீடத்தடியில் போய் நின்றேன். ஐம்பத்தோரு வயது, கண்ணாடி, தோளில் பை. பீடத்துத் தடுப்புக்கு உள்ளே ஒரு வயதான அம்மாள் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார், எங்களைக் கவனிக்கவில்லை. தூரத்தில், வாசலில், அம்மா வெறுங்காலோடு புறப்பட்டாள்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்த நடைதான். ஆனால் தரை ஜில்லென்று இருந்திருக்க வேண்டும், பாதி வழியில் அவள் கால் மடங்கி ஒரு பக்கம் சாய்ந்தாள். நான் பாய்ந்தேன். அவள் ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். ஒண்ணாங்கிளாஸ் விரல். அங்கேயே நின்றுவிட்டேன். அவள் ஒரு பெஞ்சின் முதுகைக்கூடத் தொடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டாள், நிமிர்ந்தாள், மறுபடி நடந்தாள். கோவா பக்கம் என்று நினைத்துக் கொடுத்த ஒரு வார்த்தைக்காக இந்தக் கிழவி உலகத்தைக் கடந்து வந்து நடக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிதாக எதையும் பார்த்ததில்லை. மலைமேல் இருந்த அரண்மனையும் எனக்கு அப்புறம்தான்.

தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். நாப்கின் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். “தவிடு கொண்டாந்திருக்கேன். என் பொண்ணைக் குடு” என்றாள், தமிழில், சத்தமாக.

அம்மா கையை இறக்கவில்லை. ‘எடுத்துக்கோ’ என்று யார் சொல்வார்கள்? என் திட்டத்தில் பதில் இல்லாத அந்த ஒரு கேள்வி என் முன்னால் நின்றது. பொட்டலத்திலிருந்து கொஞ்சம் தவிடு கல்லில் கொட்டியது.

பூச்சாடி அம்மாள் திரும்பினார். வெறுங்காலோடு நிற்கும் கிழவியையும் நீட்டிய பொட்டலத்தையும் பார்த்தார். காணிக்கை என்று நினைத்தார் போல. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொட்டலத்தை வாங்கி, பூவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். அம்மா நகராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போக அனுமதி கேட்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டும் அவருக்கு. என் பக்கமாகக் கையைக் காட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ப்ரோசீம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியும். நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னிடம் வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டாள். “ஆச்சு” என்றாள். “நீ என் பொண்ணு.”

பிறகு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். “நீ போய் ஊரைச் சுத்திட்டு வா.”

“நான் மட்டுமா? நீ?”

“நான் இங்கயே இருக்கேன். பாவம்டி, வியாழக்கிழமையும் அதுவுமா ஒருத்தர்கூட வரல. யாராவது கூட இருக்க வேணாமா?”

அந்தப் பாலத்தில் நான் தனியாக நடந்தேன். ஆறு மினுமினுத்தது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அடிக்கவே இல்லை.

பெங்களூர் திரும்பிய முதல் வியாழக்கிழமை இரண்டு பேரும் கோவிலுக்குப் போனோம். தெரு முனையிலேயே ஜனம். மல்லிகையும் மெழுகும் வேர்வையும் சேர்ந்த வாசனை. தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், குங்குமம் வைத்தவர்கள், பர்தா போட்டவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், பிளாஸ்டர் போட்ட கை. இத்தனை வருஷம் இந்தக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டே நுழைந்தவள் நான். அந்தக் காலிக் கோவிலைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அன்றைக்கு எல்லாம் வேறாகத் தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் தனியாக நிற்கிற ஒரு சின்னக் குழந்தைக்காக இங்கே இத்தனை பேரா! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“எவ்வளவு ஜனம் பாரு மம்மி” என்று திரும்பினேன். அம்மா இல்லை.

அப்போதுதான் உறைத்தது. என் மணிக்கட்டு காலியாக இருந்தது. அவள் என்னைப் பிடிக்கவே இல்லை. இனிமேல் எதற்குப் பிடிக்க வேண்டும்?

“மம்மி!” என்று கத்தினேன். ஆபீஸ் குரல். கூட்டம் விழுங்கிவிட்டது. போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எதிர்த்து வந்தவர்களை இடித்தேன், ஒரு பூக்கூடையைத் தட்டிவிட்டேன். வெள்ளைச் சேலை, தடி, முட்டி தேய்ந்தவள், பார்த்தீர்களா? யாருக்கும் தெரியவில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே என் வாய் எதையோ சொல்லிவிட்டது, பீடத்தைப் பார்த்து, சத்தமாக.

மெழுகுவர்த்திக் கடையில் இருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள், டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். டீ சிந்தியது.

“எங்க போன? ஏன் போன் எடுக்கல? அறிவிருக்கா?”

“நான் எங்கயும் போகல. கால் வலிச்சுது, உக்காந்தேன். நீதான் ஆன்னு பாத்துக்கிட்டு நின்ன.” அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் சொல்லும் பிள்ளைகளை நாற்பது வருஷம் பார்த்த கண். “ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க? ஏதாச்சும் நேர்ந்துக்கிட்டியா?”

“இல்ல.”

“கேரல்.”

“...பிராகு” என்றேன். “தவிடோட.”

அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி! வேளாங்கண்ணின்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”